சட்டை துவைத்த தண்ணீர்

கருவேப்பிலங்குறிச்சிக்குப் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை, தலையில் மூன்று மணி வெயில். ஆசிரியர்கள் கூட்டத்தில் டீ கொடுக்கும் வேலை பாதியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன். இருபது வருடமாக ஊர் ஊராக வேலை மாற்றுகிறவன், சொல்லாமல் கிளம்புவது எனக்குப் பழக்கம்தான். கூட்டத்தில் ஒரு பொய் சொல்லிவிட்டு வந்ததால் அன்று கொஞ்சம் வேகமாக நடந்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். சுற்றுவட்டார ஆசிரியர்கள், தங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கேள்வியை எடுத்து ஆராய்ந்ததை வந்து சொல்வார்கள். கேட்பவர்கள் தங்கள் கருத்தைச் சீட்டில் எழுதி, சுவரில் மாட்டிய அந்த வகுப்பின் சார்ட்டில் ஒட்ட வேண்டும். பச்சைச் சீட்டில் பாராட்டு, மஞ்சளில் கேள்வி, ரோஸில் குறை. முதல் நாள் முடிந்தபோது மஞ்சள் கட்டு பிரிக்கப்படாமலே கிடந்தது. ரோஸ் சீட்டுகளில் ‘மார்ஜின் போடவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். ஹாலைப் பெருக்கும்போது படித்தேன். எட்டாவது பாதிவரை போனவன்.

இரண்டாம் நாள் காலையில் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர் பதினோரு பாட்டில்களோடு வந்து இறங்கினார். அட்டைப்பெட்டியை நான்தான் தூக்கினேன். அவர் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் அப்பா சட்டை துவைத்த தண்ணீரைப் பிடித்து, மூன்று நாள் தெளியவைத்து, அடியில் நின்ற கசடை ஸ்கேலால் அளந்திருந்தார்கள். வயலுக்குப் போகும் வீடுகளில் மெல்லிய செம்மண். பீங்கான் கம்பெனிக்குப் போகும் வீடுகளில் விரற்கடை உயரத்துக்கு வெள்ளை.

அது கம்பெனி மாவு, பீங்கானுக்கு அரைக்கிற கல்தூள், மூன்று வருடம் நானே சலித்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். டீச்சர் பிடித்துக்கொண்டார். மாவட்டக் கூட்டத்துக்கு இது போய்விட்டால், அங்கே சொல்லிப் பிள்ளைகளின் அப்பாக்களுக்கு நெஞ்சுப் பரிசோதனை கேட்கலாம் என்றார். மூன்று பிள்ளைகளின் அப்பாக்கள் ஏற்கெனவே படுத்தபடுக்கையாம்.

கூட்டத்தை நடத்திய தலைமையாசிரியர் அந்தக் கம்பெனி முதலாளிக்கு மச்சான். அது எல்லோருக்கும் தெரியும். அதே கம்பெனியில் நான் மறுபடி வேலை கேட்டிருந்ததும், கூட்டம் முடிந்ததும் வரச்சொல்லி மேஸ்திரி சொல்லியிருந்ததும் அந்த ஹாலில் எனக்கு மட்டும் தெரியும்.

டீச்சர் பேசி முடித்ததும் தலைமையாசிரியர் ஒரு பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். தெளிந்திருந்தது எல்லாம் கலங்கிப் பாலாகியது.

“ஏன் டீச்சர், மூஞ்சிக்குப் போடற பவுடராத்தான் இருக்கும். கம்பெனிக்காரங்க மாப்பிள்ளை கணக்கா போறவங்க.”

ஹால் சிரித்தது.

“உள்ள வேல பாத்தவங்க யாராச்சும் சொன்னாங்களா?”

“இந்த அண்ணன் சொன்னாங்க சார். அங்க மூணு வருசம் இருந்திருக்காங்க.”

டீத்தட்டோடு நின்றேன். எல்லோரும் திரும்பினார்கள்.

“அப்படியாப்பா?”

“இல்லீங்க சார். நான் லோடு ஏத்தத்தான் போயிருக்கேன். உள்ள ஒண்ணும் தெரியாதுங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் தொண்டை அரித்தது, இருமலை அடக்கிக்கொண்டேன். எந்த சோப்புத்தூளுக்குக் கறை சீக்கிரம் போகிறது என்று தலைப்பை மாற்றினால் தாராளமாக மாவட்டத்துக்கு அனுப்பலாம் என்றார் தலைமையாசிரியர். பிள்ளைகள் கேட்டது அது இல்லை என்று டீச்சர் சொன்னார். சார்ட்டில் பச்சைச் சீட்டுகள் விழுந்தன. எழுத்து அழகு. வண்ணம் அருமை.

பெட்டியைத் தூக்கப் போனேன். டீச்சர் விடவில்லை. பாட்டில்களைத் தானே அடுக்கினார்.

“காலைல பெட்டிய எடுத்தாரதுக்குள்ள நாலு வாட்டி நின்னு இருமினீங்க. நான் பாத்துக்கிட்டுதாண்ணே இருந்தேன்” என்றார். கோபம் இல்லை. அவர் அதைச் சொன்ன பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சாலையில் ஆறேழு மைல் போயிருப்பேன். ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் அடக்கிவைத்த இருமல் மொத்தமும் வந்தது. கடைக்காரர் வெந்நீர் கொடுத்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். அரியலூர் பக்கம் என்றேன். அங்கே எனக்கு வேலையும் இல்லை, ஆளும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கம் வந்த, விருத்தாசலத்துக்கே திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பழைய இடத்துக்கே போகச் சொன்னார். மாவு சலிக்கும் கொட்டகை. சட்டையைக் கழற்றி, வெளியே மாவு படாத தூரத்தில் வேப்பமரக் கிளையில் மாட்டிவிட்டு உள்ளே போய்ச் சல்லடையைப் பிடித்தேன்.