திரியாவ்னா: தங்கைக்காகப் பார்த்து வந்த ஊர்

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குத் தலவாக்கலையில் கொழும்பு பஸ் ஏறினேன். பெட்டி இருபத்துமூன்று கிலோ. அதில் பாதி என் உடுப்பு. மீதி திம்புள்ளைத் தேயிலை, மிளகாய்த்தூள், கருவாடு, ஒரு கூறைச் சேலை. தாலியை மட்டும் பெட்டியில் போட மனம் வரவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதைக் கட்ட வைப்பதா, அப்படியே திருப்பிக் கொண்டுவருவதா என்ற முடிவு என்னிடம் விடப்பட்டிருந்தது.

விஷயம் இதுதான். என் தங்கை தர்ஷினி மூன்று வருடங்களுக்கு முன் பல்கேரியாவுக்குத் தையல் வேலைக்குப் போனவள். திரியாவ்னா என்ற சின்ன நகரத்தில் ஒரு சட்டைத் தொழிற்சாலை. அங்கே மெஷின் பழுதுபார்க்கும் ஸ்தோயான் என்பவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அதைக் கேட்ட அப்பா ஆறு மாதம் அவளோடு பேசவில்லை. அம்மா அழுது ஓய்ந்த பிறகு, ஒரு நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் தேயிலை ஃபெக்டரியில் முப்பது வருடம் ரோலர் மெஷினோடு நின்றவர். சத்தமாகப் பேசியே பழக்கம்.

“நீதான் பூகோளம் படிப்பிக்கிறவளாச்சே, போய்ப் பாத்துட்டு வா. பையன பாக்கிறது பெரிசில்ல. கல்யாணத்துக்கு முன்னால எல்லாப் பையனும் நல்லாத்தான் இருப்பான். ஊரப் பாரு. மண்ணு எப்படி, எங்கிருந்து வந்த சனம், என்ன வேல செஞ்சு சாப்பிடுறாங்க. மூணையும் போன்ல கோல் எடுத்துச் சொல்லு. சரின்னா கட்டட்டும். இல்லன்னா தாலியோட வந்துரு.”

பள்ளிக்கூடத்தில் லீவு கிடைத்தது. வாழ்க்கையில் முதல் வெளிநாட்டுப் பயணம். பொல்பிட்டியப் பக்கம் பஸ் வளைந்து வளைந்து இறங்கியபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து சீட்டில் இருந்த வயதான ஓர் அம்மா, “என்ன புள்ள, தனியா சிரிக்கிற?” என்று கேட்டார். “ஐரோப்பா போறேன்மா” என்றேன். அவர் என் செருப்பைப் பார்த்துவிட்டு, “குளிருமே” என்றார்.

சனிக்கிழமை காலை எட்டரை மணி, சோபியா விமான நிலையம். கண்ணாடிக் கதவு திறந்ததும் தர்ஷினி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நெட்டையாக, கையில் சிவப்புப் பூக்களோடு ஒருவர். “வாங்க அக்கா” என்றார். அந்த இரண்டு சொல்லை அவர் எத்தனை நாள் பழகியிருப்பார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பூக்களை எண்ணினேன், ஐந்து. இங்கே இரட்டைப்படையில் பூக் கொடுப்பது சாவு வீட்டுக்கு மட்டும்தானாம்.

சோபியாவிலிருந்து திரியாவ்னாவுக்கு ரோட்டில் ஏறக்குறைய இருநூற்று நாற்பது கிலோமீட்டர். நாங்கள் ரயிலில் போனோம். டிக்கெட் ஆளுக்கு இருபத்தொரு லெவா. அப்போது அங்கே யூரோ வந்திருக்கவில்லை. ஒரு லெவா நம் காசில் நூற்றெழுபது ரூபாய் அளவில் இருந்தது. முதல் ஒரு மணித்தியாலம் ஆற்றை ஒட்டிய செங்குத்துப் பாறைகள். பிறகு கண்ணுக்கெட்டிய வரை கோதுமை வயல். கோர்னா ஒரியாஹொவிட்சா என்ற சந்தியில் வேறு ரயிலுக்கு மாறினோம். இரண்டே பெட்டி உள்ள அந்தச் சின்ன ரயில் தெற்கே திரும்பி மலை ஏறத் தொடங்கியது. ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஒரு வளைவு, மறுபடியும் சுரங்கம். நம் ஹற்றன் மலை ரயில் பாதையில் போவது போலவே இருந்தது. நான் ஜன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டிவிட்டேன்.

“அக்கா, டீச்சர் மாதிரியா இருக்கீங்க?” என்றாள் தர்ஷினி.

“பால்கன் மலைடி! பத்து வருஷமா போர்ட்ல கோடு மட்டும்தான் போட்டிருக்கேன். இப்பதான் நேர்ல பாக்குறேன்!”

மாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னால் திரியாவ்னா. கடல் மட்டத்திலிருந்து நானூற்றுச் சொச்சம் மீட்டர்தான். நம் தலவாக்கலை அதைப்போல் இரண்டரை மடங்கு உயரம். ஆனால் மே மாதத்திலும் காற்றில் நுவரெலியாக் குளிர் இருந்தது. மலையின் வடக்குச் சரிவில் ஒரு சின்ன ஆறு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிறது. சுற்றிலும் பீச் என்னும் உயரமான மரங்களின் காடு, வீட்டுக்கு வீடு பிளம் மரம். பழைய வீடுகளின் கீழ்த்தளம் கல், மேல்தளம் மரமும் வெள்ளைச் சுவரும். கூரைக்கு ஓடோ தகரமோ இல்லை, தட்டையான கருங்கற்பலகைகள். இவ்வளவு பாரத்தை அந்தச் சுவர் எப்படித் தாங்குகிறது என்று நான் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்க்க, ஒரு கார்க்காரர் ஹோர்ன் அடிக்காமல் காத்திருந்தார்.

ஸ்தோயானின் அம்மா பென்கா வாசலில் ரொட்டியும் உப்பும் வைத்துக்கொண்டு நின்றார். அறுபத்தைந்து வயதிருக்கும், கணவர் இல்லை. ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டு என் வாயில் அவரே ஊட்டினார். பிறகு “சாய்” என்று சொல்லிக் கோப்பையை நீட்டினார். ஆவலோடு வாங்கிக் குடித்தால், அது ஏதோ பூவைக் கொதிக்க வைத்த தண்ணீர்! இங்கே சாய் என்றால் மூலிகைதானாம். நான் பெட்டியைத் திறந்து திம்புள்ளைத் தேயிலையை எடுத்து, அவர் அடுப்பிலேயே சாயம் இறக்கிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் புருவத்தை உயர்த்தி என்னவோ சொன்னார்.

“இது சாய் இல்ல, பெட்ரோல்னு சொல்றாங்க” என்றாள் தர்ஷினி. ஆனால் கோப்பையை அவர் மீதி வைக்கவில்லை.

ஞாயிறு முழுவதும் ஸ்தோயான் எனக்கு ஊரைக் காட்டினார். அவர் பல்கேரிய மொழியில் சொல்ல, தர்ஷினி தமிழில் சொல்ல, நான் கொப்பியில் எழுதிக்கொண்டேன். துருக்கியர் ஆண்ட காலத்தில் இந்த ஊர்க்காரர்கள் மலைக் கணவாயைக் காவல் காத்தார்கள். அதற்குப் பதிலாக அரசாங்கம் வரிச் சலுகை கொடுத்தது. வரி குறைந்ததால் கையில் காசு தங்கியது. அந்தக் காசில் வீடு கட்டினார்கள், மரவேலையும் நெசவும் வளர்ந்தன, நடுச் சதுக்கத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. அதன் அடியில் வளைந்த கல்பாலம் ஒன்று ஆற்றைத் தாண்டுகிறது. அதில் நான் நான்கு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தேன். யார் கேட்பது?

ஆனால் தெருக்களின் உள்ளே போகப் போக என் பேனா மெதுவானது. மூன்று வீட்டுக்கு ஒரு வீடு பூட்டியிருந்தது. கதவுகளில் படத்தோடு ஒட்டிய காகிதங்கள். தேர்தல் நோட்டீஸ் என்று நினைத்தேன். “செத்தவங்க அக்கா. வருஷா வருஷம் புதுசா ஒட்டுவாங்க” என்றாள் தர்ஷினி. ஆற்றங்கரையில் கண்ணாடி உடைந்த பெரிய கட்டடம் ஒன்று. பென்கா இளம் வயதில் வேலை செய்த கம்பளி மில். கம்யூனிச ஆட்சி போனதும் மூடிவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் போய்விட்டார்கள். ஸ்தோயானின் அக்காவும் ஜெர்மனியில்தான். இப்போது இருப்பது மேசை நாற்காலி செய்யும் தளபாடப் பட்டறைகள், தையல் தொழிற்சாலை, வார இறுதியில் வரும் சுற்றுலாக்காரர். தைக்க உள்ளூரில் ஆள் கிடைக்காததால்தான் கடல் தாண்டி என் தங்கையைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

திங்கள் மதியம் தர்ஷினி தங்கியிருக்கும் இடத்தைப் பார்க்கப் போனேன். நீளமான இரண்டு மாடிக் கட்டடம். ஒரு பக்கமாகக் கதவு, கதவு, கதவு. கடைசியில் எல்லோரும் சமைக்கும் பொதுவான குசினி. ஒரு அறையில் நான்கு பேர். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“என்ன பாக்குறீங்க?”

“நம்ம தேயிலைத் தோட்டத்து லயம்டி இது.”

“தெரியும். வந்த முதல் நாளே தெரியும்.”

மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். “இதுலேருந்து வெளிய வரத்தான் கட்டுறியா? அந்த வீட்டுக்காகவா?”

அவள் முகம் சிவந்தது. “வீடு வேணும்தான் அக்கா. அதுல எனக்கு வெக்கமில்ல. லயத்துல பொறந்தவளுக்கு வீடு வேணாமா? ஆனா இங்க பாருங்க.” வலது ஆட்காட்டி விரலைக் காட்டினாள். நகத்தின் நடுவில் தழும்பு. “மெஷின் ஊசி ஏறிருச்சு. எனக்குப் பாஷை தெரியாது. அவருதான் லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரியில நாலு மணித்தியாலம் பக்கத்துலயே நின்னாரு. அடுத்த நாள் அந்த மெஷினுக்கு அவரே ஒரு தடுப்பு செஞ்சு பூட்டியிருந்தாரு. வீட்ட நான் பாத்ததே ஒரு வருஷம் கழிச்சுத்தான்.”

அவள் தலையைத் தடவிவிட்டு, “சரி, நாளைக்கு அப்பாவுக்குக் கோல் எடுக்கிறேன்” என்றேன்.

செவ்வாய் மதியம் இரண்டரை மணி, தலவாக்கலையில் ஐந்து. வீடியோவில் அப்பாவும் அம்மாவும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். இந்தப் பக்கம் பென்காவின் தோட்டத்தில் நாங்கள் நான்கு பேர். நான் கொப்பியைத் திறந்து ஒன்றும் மறைக்காமல் வாசித்தேன். பூட்டிய வீடுகளையும் சொன்னேன், மூடிய மில்லையும் சொன்னேன்.

கணவாய்க் காவல் கதை வந்ததும் அப்பா நிறுத்தினார். “இரு இரு. காவல் காத்ததுக்கு வரிய கொறைச்சாங்களா?”

“ஆமாப்பா.”

“நெலம் யாரோடது?”

“அவங்களோடதுதான். இந்த வீடு பென்காவோட மாமனார் கட்டினது. தோட்டமும் சொந்தம்.”

“நாம காட்டையே வெட்டித் தேயில போட்டோம், ஒரு துண்டு நெலம் குடுக்கல” என்றார் அப்பா, யாரிடமோ சொல்வது போல. பிறகு குரல் உயர்ந்தது. “அந்தம்மாகிட்ட கேளு. எங்க புள்ளய வேலக்காரி மாதிரி இல்லாம மக மாதிரி வச்சுக்குவாங்களான்னு கேளு.”

தர்ஷினி மொழிபெயர்த்தாள். பென்கா போனை நேராகப் பார்த்து, தலையை இடமும் வலமும் பலமாக ஆட்டினார்.

“பாத்தியா! வேணாங்குது!” அப்பா எழுந்துவிட்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்தார்.

“அப்பா, உக்காருங்க! இங்க அப்படி ஆட்டினா ஆமான்னு அர்த்தம்!” என்று தர்ஷினி கத்தினாள். “மேலயும் கீழயும் ஆட்டினாத்தான் இல்ல!”

அப்பா நம்பவில்லை. பென்கா என்ன நடக்கிறது என்று மகனைக் கேட்டார். தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “என் மகள் போய்ப் பன்னிரண்டு வருஷம். இந்த ஊர்லேருந்து எல்லாரும் போறாங்க. உங்க மக ஒருத்திதான் இங்க வந்து இருக்கேன்னு சொல்றா. அவளயா நான் வேலக்காரியா நெனைப்பேன்? தோட்டத்துல பாதிய அவளுக்கே விட்டுட்டேன், பாருங்கன்னு சொல்றாங்க.”

பென்கா போனைப் பிடுங்கி நிலத்துக்குத் திருப்பினார். மிளகாய்க் கன்று ஆறு, கொத்தமல்லி ஒரு பாத்தி. குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளிக் கேமராவுக்கு நேரே நீட்டினார்.

அப்பா முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். “கறுப்பு மண்ணு. உரம் போட்டா மிளகா நல்லா வரும்” என்றார். கொஞ்சம் கழித்து, “அந்தத் தம்பியக் கூப்பிடு, நான் பேசணும்” என்றார். அம்மா அழத் தொடங்கினார். அப்போதே எங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு நகரசபை மண்டபத்தில் பதிவு. பத்திரங்களை எல்லாம் தர்ஷினி முன்பே தயாராக வைத்திருந்தாள், கெட்டிக்காரி. கூறைச் சேலையில் அவள் வெளியே வந்தபோது, தெருவில் போனவர்கள் நின்று கை தட்டினார்கள். வீட்டு வாசலில் ஸ்தோயான் தாலி கட்டினார். முடிச்சுப் போட நான் கை கொடுத்தேன். அம்மா போன் திரையிலிருந்து குலவையிட்டார். அடுத்ததாக அவர்கள் வழக்கம்: பூப் போட்ட தண்ணீர் நிறைந்த செம்புக் குடத்தை மணப்பெண் காலால் உதைக்க வேண்டும்.

“ஐயோ, குடத்த ஒதைக்கச் சொல்றாங்களே!” அம்மா அலறினார்.

தர்ஷினி ஒரு நொடி தயங்கினாள். குனிந்து குடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து உதைத்தாள் பாருங்கள்! குடம் உருண்டு கேட் வரை போனது. தண்ணீர் முழுக்க என் செருப்பில். தெருவே ஆர்ப்பரித்தது. பென்காவின் சிநேகிதிகள் என்னைக் கைகோத்து வட்ட ஆட்டத்துக்கு இழுத்தார்கள். எத்தனை அடி முன்னே, எத்தனை அடி பின்னே என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் ஆடினேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ரயில். பென்கா பிளம் ஜாம் போத்தல் இரண்டைத் துணியில் சுற்றித் தந்தார். நான் மீதித் தேயிலையை அவர் அலமாரியிலேயே வைத்துவிட்டு வந்தேன். ரயில் மேடையில் நின்றபோது நினைத்துப் பார்த்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆள் நிறைய, சொந்த நிலம் இல்லை. இங்கே நிலம் இருக்கிறது, இருக்க ஆள் இல்லை. பூகோளப் புத்தகத்தில் இந்த இரண்டு ஊரையும் ஒரே பக்கத்தில் யாரும் போடவில்லை.

ரயில் அசைந்ததும் தர்ஷினி ஜன்னலோடு கூடவே நடந்து வந்தாள். இதுவரை எந்தப் பயணத்திலும் அவள் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்குப் போனதும் கோல் எடுங்க.

“அக்கா,” என்று கூப்பிட்டாள், வேகமாக நடந்தபடி. “அம்மா வீட்டுக்குப் போனதும் கோல் எடுங்க!”

நேற்று வரை வெறும் ‘வீடு’, இன்று அது அவளுக்கு ‘அம்மா வீடு’. சரி என்று தலையாட்டினேன்.