பயப்படாதே என்றுதான் சொன்னோம்

அண்ணனுக்குக் காசநோய் என்று தெரிந்த தை மாதத்தில் எனக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. பி.யு.சி. முடித்திருந்தேன். பெண்ணான என்னை மேலே படிக்க வைக்க வீட்டில் வசதியில்லை. மரக்காணத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, மீதி நேரத்தில் கையில் கிடைத்த பேப்பரையெல்லாம் படித்துக்கொண்டு, சைக்கிளில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். எதையாவது உடனே செய்ய வேண்டும் என்று உடம்பு பரபரக்கிற வயசு. அதனால் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு செங்கல் நிறத்தில் ஒரு கேப்ஸ்யூலை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தார். அது புதிதாக வந்த மருந்து. கூடவே வெள்ளை மாத்திரைகளும் உண்டு. அண்ணன் அதை நகைக்கடைக்காரர் கொடுத்த மூக்குத்தி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏம்பா, நல்லாக் கேட்டுக்க. காலையில வெறும் வயித்துல போடணும். போட்டு ஒரு மணி நேரம் கழிச்சிதான் கஞ்சியோ கூழோ. ஒரு நாள் கூட விடக்கூடாது. சாராயம் தொடக்கூடாது, ஈரல் கெட்டுடும். கண்ணு மஞ்சளாச்சின்னா, பசி செத்துப்போச்சின்னா, வாந்தி வந்துச்சின்னா உடனே இங்க வந்துடு. ஒன்பது மாசம். நடுவுல உடம்பு தேறின மாதிரி இருக்கும். அதுக்காக நீயா நிறுத்தாத. நான்தான் நிறுத்தச் சொல்லணும்."

"சரிங்க."

"இன்னொண்ணு. மூத்திரம் சிவப்பாப் போவும். வேர்வையும் அப்படித்தான். மருந்தோட சாயம் அது. பயப்படாத."

"பயப்பட மாட்டேங்க" என்றான் அண்ணன். பிறகு, எதைச் சொல்ல அங்கே வந்தானோ அதைச் சொன்னான். "கொழந்தய எப்ப சார் தூக்கலாம்?"

முதல் பிரசவத்துக்காக அண்ணி இரும்பையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்திருந்தான். அதற்குள் இருமல் ரத்தத்தைக் காட்டிவிட்டது. விஷயம் தெரிந்ததும் அண்ணி வீட்டார் கறாராகச் சொல்லிவிட்டார்கள்: முழுசாகக் குணமானால்தான் தாயையும் பிள்ளையையும் அனுப்புவார்கள். அதில் தப்பும் இல்லை. டாக்டரும் அதையேதான் வேறு மாதிரி சொன்னார்: "சளியைப் பாத்துட்டு நான் சொல்றேன். அதுவரைக்கும் பொறுத்துக்க."

பொறுத்துக்கொள்வதை ஒரு வேலையாகவே நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் உப்பளத்தில் வேலை பார்த்தான். விடியும் முன்பே பாத்தியில் இறங்கிவிட வேண்டும். முன்பெல்லாம் அம்மா கொடுக்கிற கூழைக் குடித்துவிட்டுத்தான் கிளம்புவான். இப்போது கேப்ஸ்யூலை மட்டும் போட்டுக்கொண்டு போவான். ஒரு மணி நேரம் கழித்து நான் தூக்குவாளியில் கஞ்சியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் உப்பளத்துக்குப் போவேன். வரப்பில் அவனை உட்கார வைத்து, கிழக்கே பார்க்கச் சொல்லி, கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பேன்.

"மஞ்சளா இருக்குதா?"

"இல்ல."

"அப்ப கஞ்சிய ஊத்து."

பாத்தியில் வேலை செய்கிறவர்களுக்கு இது தினசரி வேடிக்கையானது. "இன்னா பி.யு.சி., டாக்டரம்மா ஆயிட்டியா? எனக்கும் கண்ணப் பாரு, பக்கத்து பாத்திக்காரிய பாத்தா மட்டும் கூசுது" என்பார் ஒருவர். அண்ணனின் வெள்ளை பனியனில் முதுகும் அக்குளும் ஆரஞ்சு நிறத்தில் ஊறத் தொடங்கியபோது கிண்டல் இன்னும் கூடியது. "டேய், யாரோ உம்மேல கலர் சோடாவ ஒடச்சிட்டாங்கடா!" அண்ணனும் சிரிப்பான். பயப்படவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகள் எல்லை தாண்டிப் பாண்டிச் சாராயத்துக்குப் போகும்போது, "என் பங்க கடல்ல மீனுக்கு ஊத்துங்கடா" என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வான். நான் பெருமைப்பட்டேன். இப்படி ஒரு நோயாளி கிடைக்க வேண்டுமே என்று.

அண்ணனுடைய வேலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பாத்தியில் கட்டிய உப்புத் தண்ணீர் முதலில் தெளிவாக இருக்கும். வெயிலில் சுண்டச் சுண்ட அது கெட்டிப்பட்டு, லேசாகச் சிவக்கும். நன்றாகச் சிவந்துவிட்டால் உப்பு படியப் போகிறது என்று அர்த்தம். படிந்துவிட்ட பிறகு புதுத் தண்ணீரை உள்ளே விடவே கூடாது. விட்டால் விளைந்த உப்பும் கரைந்து போகும். மேலே நிற்கிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு உப்பை வார வேண்டியதுதான். எந்தப் பாத்தி எப்போது வாரத் தயார் என்று பார்த்தவுடன் சொல்வதில் எங்கள் பக்கத்தில் அண்ணனுக்கு நல்ல பேர். முதலாளியே அவனைக் கேட்டுவிட்டுத்தான் ஆள் இறக்குவார்.

சித்திரை பிறந்தது. அண்ணனுக்கு இருமல் நின்று போயிருந்தது. சாயங்காலக் காய்ச்சல் போய்விட்டது. கன்னம் உப்பி, பழைய சட்டை தோளில் இறுகியது. ஒரு நாள் கஞ்சியோடு போனபோது வரப்பில் உட்கார்ந்து பக்கத்துப் பாத்தி அக்காவின் கூழை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே! மாத்திர போட்டு ஒரு மணி நேரம் ஆச்சா?"

"மாத்திர போடல."

"ஏன்?"

"வெளஞ்சிடுச்சி."

எனக்குப் புரியவில்லை. அவன் பனியனைக் கழற்றி என் முன்னால் விரித்தான். முதுகுப்பக்கம் முழுவதும் செங்கல் நிறம். "தையில இப்பிடியா இருந்துச்சி? சும்மா வெளிறிப்போயி இருந்துச்சி. இப்ப பாரு. காலையில ஒண்ணுக்குப் போனா அதவிடக் கெட்டியா செவந்து போவுது. உள்ள இருந்ததெல்லாம் எறங்கிடுச்சி. இருமல் இருக்குதா? சொரம் இருக்குதா? நீயே சொல்லு."

"அது மருந்துச் சாயம்ணே. டாக்டர் சொன்னாரில்ல? இப்ப வெயில் கொளுத்துது, வேர்வையா ஊத்துது, நீ குடிக்கற தண்ணி பத்தல. சுண்டிப்போறதாலதான் அப்பிடி செவப்பாத் தெரியுது."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அதத்தான நானும் சொல்றேன்! வெயில்ல சுண்டிச் செவந்தா இன்னா அர்த்தம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கூழ் கொடுத்த அக்கா உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "வெளஞ்ச பாத்தியில மேல மேல தண்ணி விட்டா இன்னா ஆவும்? சொல்லு பி.யு.சி."

"ஒடம்பு பாத்தி இல்லக்கா."

"பின்ன இன்னா, சிமெண்டுத் தரையா?"

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். கிருமி என்றேன். மறைந்திருக்கும் என்றேன். பாதியில் விட்டால் மிச்சமிருக்கிற கிருமிக்கு இந்த மருந்தே பழகிப்போய்விடும் என்று எங்கோ படித்ததைச் சொன்னேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டான். ஆனால் நான் சொன்ன எதையும் அவனுக்குக் காட்ட என்னால் முடியவில்லை. அவன் சொன்னது அவன் கையில் விரிந்து கிடந்தது. அவன் காலடியில் பாத்தி பாத்தியாகச் சிவந்தும் கிடந்தது.

டாக்டரும் நானும் சிவப்பைக் கண்டு அவன் பயந்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தோம். அதற்காகத்தான் முன்கூட்டியே அத்தனை சொன்னோம். அதைக் கண்டு ஒருவன் சந்தோஷப்படுவான் என்று யாருக்குத் தோன்றும்? பயந்தவனாக இருந்தால் தைரியம் சொல்லியிருக்கலாம். சந்தோஷமாக இருக்கிறவனிடம் எதைச் சொல்வது?

அன்று சாயங்காலம் மீதிக் கேப்ஸ்யூல்களை ஒரு துணியில் முடிந்து என்னிடம் கொடுத்தான். "டாக்டர்கிட்ட குடுத்துடு. வேற யாராவது இருமிக்கினு கெடப்பாங்க, அவங்களுக்காவது ஆவும்." மறுநாளே பஸ் பிடித்துப் போனேன். முடிச்சை அவிழ்த்துப் பார்த்த டாக்டர் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ கொண்டாந்து என்னம்மா பண்றது? அவன் வரணும். இழுத்துக்கிட்டு வா."

இழுக்கத்தான் பார்த்தேன். "உப்பு வார்ற நேரத்துல பாத்திய விட்டுட்டு வர முடியுமா? மழைக்கு முன்னாடி ஒரு நாள் போலாம்" என்றான். அதற்குள் இரும்பைக்கு ஆள் சொல்லி அனுப்பியிருந்தான், குணமாகிவிட்டது என்று. அவனுடைய மாமனார் வந்து பார்த்தார். நல்ல உடம்பு, நல்ல சாப்பாடு, இருமல் இல்லை. அவருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ படிச்ச பொண்ணு, நீ இன்னாம்மா சொல்றே?" என்று கேட்டார். டாக்டர் இன்னும் பார்க்கவில்லை, இப்போது அனுப்பாதீர்கள் என்றேன். அவர் தலையாட்டினார். திரும்பி அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஒரு உப்பு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்து காட்டினான்.

வைகாசியில் அண்ணி குழந்தையோடு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. எங்கள் வீடு அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் உப்பளத்திலிருந்து வந்ததும் குளித்துவிட்டுத்தான் குழந்தையைத் தொடுவான். பிறகு கீழே விடவே மாட்டான். அதன் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவெல்லாமோ பேசுவான். "அண்ணே, கொஞ்சம் தள்ளி வச்சிப் பேசேன்" என்று நான் சொன்னால், அண்ணி என் கையைப் பிடித்து அழுத்துவாள். "விடேன்டி. எவ்ளோ நாள் கழிச்சித் தூக்கறாரு." நானும் விட்டுவிடுவேன். என் பயம்தான் தப்பாக இருக்க வேண்டும் என்று நானே வேண்டிக்கொண்ட நாட்கள் அவை.

ஐப்பசி மழை தொடங்கியபோது இருமலும் வந்தது. ஈரக் காற்று என்றான். பிறகு சாயங்காலங்களில் போர்வை கேட்டான். ஒரு காலையில் கிணற்றடியில் துப்பிவிட்டு, வெகு நேரம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே நின்றான். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. "கொழந்தயக் கூட்டிக்கினு போவச் சொல்லு" என்றான். யாரை, எங்கே என்று சொல்லவில்லை. அண்ணி அன்றே மூட்டை கட்டினாள். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அவள் அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இந்தத் தடவை டாக்டர் கூப்பிடாமலே அண்ணன் வந்தான். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. குழந்தையையும் அண்ணியையும் வரவழைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நோய் எதுவும் ஒட்டவில்லை என்றாலும் குழந்தைக்கு முன்ஜாக்கிரதையாகச் சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். அண்ணனுக்குத் தினமும் ஊசி, கூடவே வேறு மாத்திரைகள், மறுபடியும் அந்தக் கேப்ஸ்யூல்.

"இது இனிமே பழைய மாதிரி கேக்குமா கேக்காதான்னு எனக்கே தெரியல. கேக்கும்னு நெனச்சிப் போடுவோம். இந்தத் தடவ ஒன்பது மாசத்துல முடியாது. அதுவரைக்கும் பாப்பா பக்கத்துல போகாத."

"தூரத்துல நின்னு பாக்கலாமா சார்?"

"பாரேன்."

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவனும் இரும்பைக்குப் போவோம். அண்ணி வீட்டுக்கு எதிரே ரோட்டின் மறுபக்கத்தில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அண்ணன் வாயைச் சிவப்புத் துண்டால் கட்டிக்கொண்டு அதன் கீழே நிற்பான். அண்ணி குழந்தையை வாசலுக்குத் தூக்கி வந்து காட்டுவாள். நான் நடுவில் போய்ப் போய் வருவேன். இங்கிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலம், அங்கிருந்து ஒரு சேதி. பல் முளைத்திருக்கிறது, 'ப்பா' என்கிறது, ஆனால் எல்லாரையும்தான் 'ப்பா' என்கிறது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணி குழந்தையை வாசல்படியில் நிற்க வைத்திருந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதற்கு மரத்தடி ஆளை அடையாளம் தெரிந்ததோ, துண்டின் சிவப்பு பிடித்ததோ தெரியவில்லை. சுவரை விட்டுவிட்டு ரோட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. அதுதான் அது முதன்முதலில் நடந்தது. அண்ணி "ஐயோ, நடக்குது, நடக்குது" என்று கத்தினாள். அவள் சந்தோஷத்தில் கத்தியது எனக்குத் தெரியும்.

அண்ணன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். தூக்குவதற்கு நீட்டுகிற மாதிரிதான் முதலில் நீட்டினான். பிறகு உள்ளங்கைகளை விரித்து நிறுத்தினான்.

"வராத கண்ணு. அங்கயே நில்லு. வராத."

குழந்தை இன்னும் வந்தது. அண்ணன் பின்னால் நகர்ந்தான். மரம் முதுகில் இடித்தது. அண்ணி ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டாள்.

திரும்பும் பஸ் கோட்டக்குப்பத்தைத் தாண்டியது. அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"அடுத்த வாரம் நீ மட்டும் போ."

"ஏண்ணே?"

"நான் நிக்கறதாலதான அது வருது."

அடுத்த ஞாயிறு நான் மட்டும் போனேன். அண்ணி எனக்குப் பின்னால் ரோட்டை எட்டிப் பார்த்தாள். அளத்துல வேலை இருக்குதாம் என்று சொன்னேன். மழைக்காலத்தில் உப்பளத்தில் யாருக்கும் வேலை கிடையாது. அது அவளுக்கும் தெரியும். குழந்தையைக் கீழே இறக்கி விட்டாள். அது தத்தித் தத்தி என்னிடமே வந்துவிட்டது. நான் தூக்கிக்கொண்டேன்.