திரைக்கு இப்பால் நீண்ட கை

நோயாளி ஒருத்தி, நாடி கொடுப்பவள் வேறொருத்தி. இப்படி ஓர் அநியாயத்தை எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? போன வெள்ளிக்கிழமை நான் கண்டேன். அதுவும் தில்லையடியில், எனக்கு மூத்த, கூடப்பிறந்த ராத்தா வீட்டில்!

ராத்தாவின் இளைய மகள் மர்ஜானாவுக்கு அடுத்த மாதம் கலியாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கற்பிட்டி. ஆனால் நாலைந்து மாதமாகப் பிள்ளைக்கு நெஞ்சில் ஒரு கோளாறு. சும்மா இருக்கும்போதே துடிப்பு ஒன்று தவறும். அடுத்தது 'டொம்' என்று இடிக்கும். சில நாள் திடீரென்று படபடவென ஓடும், ஐந்து நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். பாவம், மௌத்து வந்துவிட்டது, உயிர் போகப்போகிறது என்றே நினைத்து நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறாள்.

கதை கற்பிட்டிக்கும் எட்டிவிட்டது. மாப்பிள்ளையின் உம்மாவே நேரில் வந்து, டொக்டரிடம் காட்டத்தான் வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்.

இந்த யுத்த காலத்தில் பெற்றோல் ஏது? டொக்டர் மாட்டுக் கரத்தையில் வந்து இறங்கினார். நம் வழக்கப்படி நடுவே திரை. இந்தப் பக்கம் அவரும் நானும். அந்தப் பக்கம் ராத்தாவும் மகள்மாரும். மாப்பிள்ளையின் உம்மா அடுத்த அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

திரையை விலக்கி ஒரு கை வந்தது. டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்து நாடி பிடித்தார். ஒரு குறையும் இல்லை என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பணியாரம் சுடும்போது மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு... அது மூத்தவள் சுபைதாவின் கை!

"டொக்டர், இது மர்ஜானாட கை இல்ல" என்று சொல்லியே விட்டேன்.

"கலியாணம் நிண்டா நீயா பொறுப்பு?" — ராத்தா.

"புள்ளைக்கு ஏதும் ஆனா நீங்களா பொறுப்பு?"

கடைசியில் சரியான கை வந்தது. டொக்டர் வெகுநேரம் பிடித்திருந்தார். இரண்டு தடவை துடிப்பு தவறியதாம். ஸ்டெதஸ்கோப்பின் நுனியைத் திரைக்கு உள்ளே கொடுத்து நெஞ்சையும் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை தேத்தண்ணி என்று விசாரித்தார். ஏழெட்டு! நித்திரை? இல்லவே இல்லை!

அவர் சொன்னது இவ்வளவுதான். ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னால் வந்துவிட்டால் அடுத்தது சற்றுத் தாமதிக்கும். அதைத்தான் தவறியது என்கிறோம். நல்ல நெஞ்சுக்கும் அது வரும். தேத்தண்ணி கூடினாலும் நித்திரை குறைந்தாலும் அதிகம் வரும். படபடவென ஓடினால் உட்கார்ந்து, மூச்சை அடக்கி முக்க வேண்டும். அந்த நேரத்திலேயே நாடியை எண்ணி வைக்க வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் மட்டும் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை.

பிள்ளையை இதைக் கேட்கவிடாமல்தானே அந்தத் தழும்புக் கையை நீட்டினார்கள்?

அடுத்த அறைக்கு எல்லாம் கேட்டிருக்கும். கலியாணம் போயிற்று என்றே நினைத்தோம். ராத்தா விம்மத் தொடங்கினார். வளையல் சத்தம் நெருங்கி வந்தது. திரை அசைந்து மூன்றாவதாக ஒரு கை நீண்டது. நரம்பு புடைத்த, வயதான கை. மாப்பிள்ளையின் உம்மா!

"டொக்டர், என்டதையும் புடிச்சுப் பாருங்க. எனக்கும் இப்பிடித்தான். முப்பது வருஷமா ஒருத்தருக்கும் சொல்லல்ல."

கலியாணம் குறித்த நாளில்தான். என் கோபம்தான் இன்னும் அடங்கவில்லை — முப்பது வருஷம் அந்த மனிசி தனியாகப் பயந்து கிடந்திருக்கிறார், வீடு நிறைய ஆட்கள் இருக்க!