முள்ளின் மேல் உட்கார்ந்த சிவப்புப் புள்ளி

என் நண்பனின் கல்யாணம் ஒரு துப்பாக்கியின் குறியில் வந்து சிக்கிக்கொண்டது.

டெக்சாஸ் மாநிலத்தில் கேட்டி என்கிற ஊரில் நாங்கள் இருவரும் ஒரே அலுவலகம். அவன் சென்னைக்காரன். அவன் காதலித்த பெண் டெக்சாஸ்காரி. அவளுடைய அப்பாவுக்கு ஊருக்கு மேற்கே நெல் வயல்கள் உண்டு. காட்டுப்பன்றிகள் கூட்டமாக வந்து வரப்புகளைக் கிளறிப் போட்டுவிடும். அவற்றைச் சுடுவதற்கு வருகிற சனிக்கிழமை அவர் இவனையும் அழைத்திருந்தார். அழைப்பு என்று பெயர், ஆனால் அது பரீட்சைதான் என்று அந்தப் பெண்ணே எச்சரித்துவிட்டாள். கிளம்புமுன் ஒரு பேப்பர் தட்டை நட்டுவைத்துச் சுடச் சொல்வாராம். முதலில் ரெட் டாட் எனப்படும், பேட்டரியில் எரியும் சிவப்புப் புள்ளிக் குறியை அணைத்துவிட்டு, வெறும் இரும்புக் குறியால். பிறகு ரெட் டாட்டால். இரண்டிலும் குண்டு தட்டில் விழாவிட்டால் ட்ரக்கிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவளுக்கு முன்பு பழக்கமான ஒருவன் அப்படி உட்கார்ந்தவனாம். அதன் பிறகு அவன் அந்த வீட்டுப் பக்கமே வரவில்லை.

நண்பன் ரைஃபிளையும் ரெட் டாட்டையும் வாங்கிவிட்டான். இரண்டையும் ஒன்றோடொன்று சரிபார்த்துப் பொருத்த வேண்டும்.

“கடையில குடுத்தா அவங்களே செட் பண்ணித் தருவாங்கடா” என்றான்.

“எதுக்குடா கடை? நான் காலேஜ்ல துப்பாக்கி பிடிச்சுப் பரேடு போனவன்.”

“நீ பரேடுக்குப் போனதே பூரிக்குத்தானே? நீயே சொல்லியிருக்க.”

மறுக்க முடியவில்லை. பரேடு முடிந்ததும் பூரியும் கிழங்கும் தருவார்கள். அதற்காகத்தான் முதல் நாள் போய் வரிசையில் நின்றேன். ஆனால் பூரிக்காகப் போனவன்தான் துப்பாக்கிப் போட்டியில் கல்லூரிக்கே முதலாவதாக வந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். மாத்திரை அட்டையிலிருந்து மின்சார பில் வரை வீட்டுக்கு வரும் எதையும் நானே படித்துச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில், ரெட் டாட்டின் கையேட்டை அட்டையிலிருந்து அட்டை வரை படித்துவிட்டு, துப்பாக்கி சுட்டுப் பழகும் ரேஞ்சுக்கு அவனோடு போனேன்.

விஷயம் எளிமையானது. இரும்புக் குறி என்பது இரண்டு துண்டு: கண்ணுக்கு அருகே ஒரு சின்ன ஓட்டை, குழலின் நுனிப் பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஒரு முள். ஓட்டை வழியாக முள்ளின் நுனியைப் பார்த்துச் சுட வேண்டும். இவை இரண்டுக்கும் நடுவே, துப்பாக்கியின் முதுகில் ரெட் டாட் இருக்கும். அதன் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். முதலில் இரும்பைச் சரிசெய்துவிட்டு, புள்ளியைத் திருகித் திருகி முள்ளின் நுனியில் கொண்டுவந்து உட்கார வைத்தால் வேலை முடிந்தது. இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும்.

இரும்பைச் சரிசெய்தேன். குண்டுகள் கறுப்பு வட்டத்தின் நடுவில் விழுந்தன. துப்பாக்கியைப் பிடித்துக் குறிவைக்கும் விதத்தை நண்பனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கும் வட்டத்துக்குள்ளேயே விழுந்தன. பிறகு புள்ளியைத் திருகினேன். முள்ளுக்குப் பொட்டு வைத்தாற்போல் வந்து நின்றது. நான் சுட்டேன், நடுவில். அவனிடம் கொடுத்தேன். எல்லாமே மேலே, வட்டத்தின் மேல் விளிம்பில்.

“ட்ரிக்கரை வெடுக்குன்னு இழுக்கறடா. மெதுவா அழுத்து.”

மெதுவாக அழுத்தினான். மறுபடியும் மேலே.

“மூச்சை விட்டுட்டு அழுத்து.”

மூச்சை விட்டான். அதே இடம்.

“மச்சான், அவர்கிட்ட என்னடா சொல்றது? ‘சார், பன்னி இன்னும் கொஞ்சம் உசரமா இருந்திருந்தா விழுந்திருக்கும்’னா?”

“ரெட் டாட்ல ஒரு கோளாறும் இல்ல. நான் சுட்டா சரியாத்தான விழுது? உன் கண்ணுதான்…”

“என் கண்ணா? சோடாபுட்டி போட்டிருக்கிறது நீ! பேசாம கடையிலயே குடுத்திருப்பேன். என் கல்யாணத்தைக் கெடுத்துட்டியேடா.”

எனக்குச் சுருக்கென்றது. ஒருவன் தன் கல்யாணத்தையே என் பேச்சை நம்பி ஒப்படைத்திருக்கிறான்.

ரேஞ்சில் சுட்டுக்கொண்டிருந்த எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்ததும் தாளைப் பார்க்க நடந்து போனோம். அவனுடைய ஓட்டைகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு காபி கப் மூடியால் மூடிவிடலாம். கை நடுங்குகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தில்தான் தப்பு பண்ணுவான். இவன் நன்றாகவே சுட்டிருக்கிறான்.

“நீ புள்ளியை எங்கடா வெச்ச?”

“நடுவுல. வேற எங்க வைப்பாங்க?”

நான் நடுவில் வைக்கவில்லை! கல்லூரியில் எங்களுக்குப் பழக்கியது வேறு. கறுப்பு வட்டத்தின் அடி விளிம்பில் முள் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், பந்தை விரல் நுனியில் நிறுத்துவது போல. குண்டு அதற்கு மேலே, வட்டத்தின் நடுவில் போய் விழும்படி குறியை வைத்திருப்பார்கள். இங்கேயும் இரும்பை அப்படித்தான் வைத்திருந்தேன். இரும்பால் சுடும்போது அவனிடம் “வட்டத்துக்கு அடியில வை” என்று சொன்ன நான், ரெட் டாட்டுக்கு வந்ததும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. என் கை மட்டும் தானாக அடியில் போய் நின்றிருக்கிறது.

விளக்கினேன். அவனுக்கு உயிர் வந்தது.

“அவ்ளோதானா? அப்ப நானும் கீழயே வெச்சுக்கறேன்.”

“பன்னிக்கு எவன்டா கறுப்பு வட்டம் வரைஞ்சு வெச்சிருப்பான்? பேப்பர் தட்டுலயும் வட்டம் கிடையாது.”

புள்ளியை மட்டும் மாற்றினால் அவனுக்கு நடுவில் விழும். ஆனால் முள் ஒரு இடம் காட்டும், புள்ளி வேறு இடம் காட்டும். எல்லாவற்றையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். முள்ளைத் திருகும் சின்னச் சாவியை எடுத்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினேன். முள் உயர்ந்தால் குண்டு இறங்கும். முள்ளின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கேயே குண்டு விழும்வரை உயர்த்தினேன். இந்தத் தடவை என் கை பழைய இடத்துக்கு ஓடாமல் பிடித்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பிறகு புள்ளியை மறுபடியும் கொண்டுவந்து முள்ளின் மேல் உட்கார வைத்தேன். நண்பன் சுட்டான். நடுவில் விழுந்தது. கழுத்துச் செயினில் இருந்த சிலுவையை எடுத்து முத்தமிட்டுவிட்டு, என் முதுகில் ஓங்கி ஒன்று போட்டான்.

என்ன தப்பு நடந்தது என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. அங்கேயே நின்று நானாக யோசித்துக் கண்டுபிடித்தேன். இன்ஜினியரிங் பட்டம் கையில் வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டுதான் போனான். அந்தப் பெரியவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. உயரமான மண்மேட்டின் முன்னே ஒரு பேப்பர் தட்டைக் குத்தி வைத்துவிட்டு வந்து, “லைட்டை அணை” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னார். நண்பன் இரும்பால் சுட்டான். “இப்போது போடு.” புள்ளியால் சுட்டான். அவர் நடந்து போய்த் தட்டைப் பிடுங்கி வந்து அவன் கையில் கொடுத்தார்.

“இதில் எந்த ஓட்டை இரும்பு, எது பேட்டரி?”

அவன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “தெரியவில்லை, சார்.”

“எனக்கும் தெரியவில்லை” என்றார். “யார் செட் பண்ணியது?”

நண்பன் ஒரு நொடிகூடத் தயங்காமல் என்னைக் காட்டினான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கடையில் இவ்வளவு பொறுமையாகச் செய்ய மாட்டார்கள்” என்றார். நான் “தேங்க்யூ சார்” என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

ட்ரக்கின் முன் சீட்டில் ஐஸ் பெட்டி இருந்தது. அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிட்டு, நண்பனை அங்கே உட்காரச் சொன்னார். பின் சீட்டில் ஐஸ் பெட்டியும் நானும். கால் நீட்ட இடமில்லை. அது எனக்கு உறைக்கவும் இல்லை. அன்று பன்றி ஒன்றும் வரவில்லை. பொழுது சாயத் திரும்பும்போது, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கேட்டார்: “உன் அம்மாவும் அப்பாவும் எப்போது இங்கே வருகிறார்கள்?”

நண்பன் பதில் சொல்லாமல், சீட் பெல்ட்டை இழுத்துக்கொண்டு முழுசாகப் பின்னால் திரும்பினான்.

“மச்சான், கேட்டுட்டார்டா!”

“என்கிட்ட ஏன்டா சொல்ற? மொதல்ல அவருக்குப் பதில் சொல்லுடா.”