வில்லுக்கத்தி திறந்துகிடந்த நாட்கள்

வாப்பாவின் கத்தியைத் திறந்தால் முதலில் வருவது மணம்தான்: துருவும் பாக்கும் மீன்செதிலும் கலந்த, நாக்கின் அடியில் உப்பாய்க் கரிக்கிற மணம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அதை எங்கள் சாய்ந்தமருதில் 'வில்லுக்கத்தி' என்போம். கொம்புப் பிடி உடைந்த இடத்தில் நைலோன் நூல் சுற்றியிருப்பார். வலையில் சிக்கிய கயிற்றை அறுப்பதும், தோடம்பழம் வெட்டுவதும், நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் என் பென்சிலைச் சீவுவதும் அதுதான். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அது அவருடைய அகலமான பச்சை இடுப்புப் பட்டியின் பையில் இருந்தது. கடலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் கை தானாக அங்கே போய்விடும் என்பார்.

தங்கச்சி பிறந்தபோதுதான் அது முதன்முதலாக அவர் இடுப்பை விட்டு இறங்கியது. பிள்ளை பெற்றவள் இருக்கும் அறையில், நாற்பது நாள் கழியும்வரை ஓர் இரும்பு கிடக்க வேண்டும், கிடந்தால் ஜின்னோ ஷைத்தானோ அண்டாது என்பது அப்போது எங்கள் பக்கத்து வழக்கம். வாப்பா ஓர் ஆணியைக் கொண்டுவந்தார். அவருடைய ராத்தா, எனக்கு மாமி, விடவில்லை.

"ஆணியா? புள்ளய என்ன செவத்துல தொங்கவிடப் போறயா? அந்தக் கத்திய எடு தம்பி. அதுதான் உப்பும் ரெத்தமும் கண்ட இரும்பு."

"அப்ப நான் கடல்ல பல்லாலயா கயிறு அறுக்கிற?"

"பல்லு இரிக்கில்ல, அறு."

மடக்கிய கத்தி உம்மாவின் தலையணைக்கடியில் போனது. சில நாட்களில், ஒரு பகல் மாமி உள்ளே போனபோது, அது திறந்து, அலகு தங்கச்சியின் தலைமாட்டில் கிடந்தது. மடக்கி வைத்தார். மறுநாளும் அப்படியே. திறக்க முயன்று என் நகம் உடைந்த அளவுக்கு வில் இறுகிய கத்தி அது. மாமி வாசலுக்கு வந்து சத்தம் போட்டார்.

"பாத்தீங்களா! ஆரோ வந்திரிக்கான். கத்தி வாயத் தொறந்து வெரட்டி உட்டிரிக்கி!"

எங்கள் ஒழுங்கையின் வீடெல்லாம் செய்தி பரவி, பெண்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளுக்கும் இரவல் கேட்டாள். உம்மா யாருடனும் கதைக்கவில்லை, சரியாகச் சாப்பிடவும் இல்லை. யாரும் உம்மாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் கத்தியையே பார்த்தார்கள்.

லுஹர் தொழுகைக்குப் பிந்திய வெயிலில் ஊரே அடங்கிக் கிடந்த நேரம் அது. மாமி குசினி அடுப்படியில் உம்மாவுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக்கொண்டிருந்தார். தங்கச்சியைப் பார்க்கலாமென்று திரைச்சீலையை விலக்கினேன். உம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. கத்தியை வாயில் வைத்து, அலகைப் பல்லால் கவ்வி இழுத்தார். 'டக்' என்று திறந்தது. பிறகு, தொட்டில் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடும் பக்குவத்தில், அலகைத் தங்கச்சியின் கன்னத்தருகே மெல்ல வைத்துவிட்டுச் சாய்ந்து படுத்துக்கொண்டார்.

நான் கடற்கரைக்கு ஓடினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த வாப்பா, நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இத ஆருக்கிட்டயும் கதைச்சயா?"

"இல்ல வாப்பா."

"கதைக்காத மனே."

வீட்டுக்கு வந்தவர் நேரே அறைக்குள் போனார். உம்மாவின் கீழுதட்டில் மெல்லிய கீறல் இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கத்தியை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பழைய ஆணியைத் தலைமாட்டில் வைத்தார்.

"எனக்குக் கடலுக்கு வேணும் ராத்தா."

"புள்ளட ஹயாத்தோட வெளையாடுறயா நீ!" என்று மாமி அழுதார்.

மறுநாள் கடலுக்குப் போய்வந்தவர், கத்தி தவறி விழுந்துவிட்டது என்றார். அதன்பிறகு நாற்பது கழியும்வரை தோணி ஏறவில்லை. அந்த அறையிலேயே வலையை விரித்து வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். "பொண்டாட்டிக்குக் காவல் கெடக்கான், ஊர் சிரிக்கி" என்று மாமி குத்திக்காட்டியதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை.

குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். உம்மாவுக்கு வந்ததை நோயென்று சொல்லும் புத்தகங்கள் இருப்பது இப்போது எனக்குத் தெரியும். தங்கச்சிக்கு இந்த வருடம் பிள்ளை பிறந்தபோது, நித்திரை வருகிறதா, மனதில் பயம் ஏதும் உண்டா என்று கிளினிக்கில் கேட்டார்கள். இரும்பைப் பற்றி வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை. அதைக் கேட்க மாமியும் இன்று இல்லை. கல்முனைச் சந்தையில் வாப்பா வாங்கிய கத்திகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்துப் போய்விட்டன. எதையும் அவர் கை நம்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை பேத்தியை மடியில் போட்டிருந்த உம்மா திடீரென்று கேட்டார்: "இஞ்சருங்க, அந்தக் கத்தி இப்ப எங்க கிடக்கும்?"

"கடல்ல. உழுந்திட்டுதானே."

"உழல்ல. நீங்க போட்டது."

உம்மா பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"ராவு பகலா அது என்ட கையக் கூப்பிட்டுக்கிட்டே இரிந்திச்சி. நீங்க எடுத்த அண்டைக்குத்தான் நான் நித்திர கொண்டன்."

சொல்லிவிட்டு, பேத்தியைத் தூக்கி அவர் மடியில் வைத்தார்.