இடுப்பில் அடங்கும் அளவு

டெக்சாஸ், ஆலன். என்னை விமான நிலையத்தில் விடப் போகும் வழியில் நண்பன் ரமேஷ் காரைத் துப்பாக்கிக் கடை முன் நிறுத்துகிறான். அவன் தெருவில் இரண்டு தமிழர் வீடுகளில் நகைக்காகத் திருடர்கள் புகுந்ததிலிருந்து அவனுக்குத் தூக்கம் இல்லை.

கடைக்காரப் பெண்மணி இடுப்பில் செருகும் அளவில் ஒரு பிஸ்டலைக் கண்ணாடி மேசைமேல் வைக்கிறார். காலியானதுதான், ஆனாலும் அதன் முனை என் பக்கம் திரும்பும்போது நகர்ந்துகொள்கிறேன். சின்னது சுடும்போது கையில் அதிகம் உதைக்கும் என்கிறார். தோட்டா இரண்டு டப்பாவாவது சுட்டுப் பார்த்து, ஒன்றுகூட உள்ளே சிக்கிக்கொள்ளாவிட்டால்தான் அதை நம்பலாமாம்.

“ஒரு டப்பா போதாதாடா? நான் என்ன டெய்லி யூஸ் பண்ணப் போறேனா?” என்று ரமேஷ் என்னிடம் முனகுகிறான்.

அவர் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்றையும் காட்டுகிறார். ரமேஷ் வேண்டாம் என்று தலையாட்டுகிறான்.

“அதெல்லாம் எதுக்கு? சாமி ஷெல்ஃப்ல படத்துக்குப் பின்னாடி வச்சிடுவேன். அங்க யாரும் கை வைக்க மாட்டாங்க.”

என் கை நெற்றிக்குப் போகிறது. கிளம்பும்போது அவனுடைய ஆறு வயது மகள் நாற்காலி போட்டு ஏறி, அந்த ஷெல்ஃபிலிருந்து எடுத்துவந்து எனக்குப் பூசிய விபூதி இன்னும் நெற்றியில் இருக்கிறது.