குளத்தடியில் நின்ற ரயில்

ரயில் நின்றதற்கு நான் காரணமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைக்கும் சலீம் என்னை எங்கே பார்த்தாலும், "ஒன்னாலதான்டா அன்னைக்கு வண்டி நின்னுச்சு" என்கிறான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன்தான் நான். ஆனால் யார் கையையும் எதிர்பார்க்காமல் இரண்டு அரவை மில்லும் நான்கு லாரியும் ஓட்டுகிறேன். ஒரு சாவி ரயிலை ஓட்டத் தெரியாதா எனக்கு?

ரயில் பண்ணையாரின் பேரனுடையது. பினாங்கிலிருந்து சொந்தக்காரர் யாரோ கொண்டுவந்து கொடுத்தது. ஓர் இன்ஜின், மூன்று பெட்டி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தகரத் தண்டவாளம். பண்ணை வீட்டுப் பின்கட்டில் நெல் கொட்டி வைக்கும் அறை ஒன்று உண்டு. நெல்லெல்லாம் விற்றுத் தீர்ந்து, சித்திரையில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் எங்கள் ரயில்வே. பேரன், மளிகைக்கடை ராவுத்தர் மகன் சலீம், பண்ணையின் காரியக்காரர் மகனான நான், ஆக மூன்று பேர்.

வேலை முழுக்க என்னுடையது. களிமண் பிசைந்து தரையில் வயல் வயலாக வரப்பு கட்டினேன். நீலச் சேலைக் கிழிசலில் வாய்க்கால் விட்டேன். தென்னமட்டையை வெட்டிப் பாலம் போட்டேன். பேரன் என்ன செய்தான்? சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்தான். டிரைவரும் அவனே, கார்டும் அவனே, ஸ்டேஷன் மாஸ்டரும் அவனே. சலீம் டிக்கெட் கொடுக்கலாம், நான் கொடி காட்டலாம். ஒரே ஒரு தடவை சாவி கொடுடா என்று கெஞ்சினால், ஸ்பிரிங் அறுந்துவிடும் என்பான். அவன் திருகினால் அறாதாம், நான் திருகினால் அறுந்துவிடுமாம்.

ஸ்டேஷன்களுக்கு மெட்ராஸ், பம்பாய் என்று பெயர் எழுதச் சொன்னான். பம்பாய்க்கும் நெல் வயலுக்கும் என்ன சம்பந்தம்? நான் அப்பாவோடு தினமும் வயல் சுற்றியவன். பண்ணையின் ஒவ்வொரு வயலும் எனக்குப் பெயரோடு தெரியும். கோயிலடி, மூங்கில் படுகை, நாணல் திட்டு, குளத்தடி என்று வரிசை தவறாமல் சாக்பீஸால் எழுதினேன். வண்டி ஒரு சுற்று வந்தால் பண்ணை நிலம் முழுக்கச் சுற்றி வந்ததாக அர்த்தம். அடுத்தவன் வரப்பை ஓரிடத்திலும் தொடாது.

ஆனால் குளத்தடி வளைவுக்கு வந்தால் வண்டி கவிழும். அட்டையை மடித்து அடியில் கொடுத்தேன், அப்போதும் கவிழ்ந்தது. மண்ணைச் சுரண்டினேன், அப்போதும் கவிழ்ந்தது. நீ சாவியை அதிகமாகத் திருகுகிறாய் என்றேன். உன் வயல் கோணல் என்றான். பாதி நாள் இந்தச் சண்டையிலேயே போகும்.

உச்சவரம்புச் சட்டம் வந்து, அதிகாரிகள் ஊர் ஊராக நிலத்தைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. செங்கொடிக்காரர்கள் வயலில் கொடி நட்டிருந்தார்கள். கறுப்பு சிவப்புக் கரை வேட்டிக்காரர்கள் பண்ணையாருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்திருந்தார்கள். சட்டத்துக்குப் பயந்து பண்ணையார் பல வயல்களை வேறு வேறு ஆட்கள் பெயரில் எழுதி வைத்திருந்தார் என்பதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கூடத்தில் ஆபீசர்கள் வந்திருக்கிறார்கள், சத்தம் போடக் கூடாது என்பதுதான். அன்றைக்குப் பார்த்து இந்தப் பேரன் சாவியை முழுக்கத் திருகினான்.

சத்தம் கேட்டு ஒரு சர்வேயர் உள்ளே வந்தார். அவர் பின்னால் பண்ணையார், பண்ணையாருக்குப் பின்னால், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அப்பா. சர்வேயர் குந்தி உட்கார்ந்து, யார் இவ்வளவு அழகாகக் கட்டியது என்று கேட்டார். பேரன் வாயைத் திறப்பதற்குள் நான்தான் என்றேன். ஒரு மாதம் கொடி பிடித்தவன், விடுவேனா? ஓடிக்கொண்டிருந்த ரயிலைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு (இதைத்தான் சலீம் சொல்லிச் சொல்லி என் உயிரை எடுக்கிறான்), ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் காட்டினேன்.

"இதெல்லாம் யாரு வயலு தம்பி?"

"எல்லாமே நம்ம பண்ணைதாங்க."

அவர் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தார். சின்னப் பிள்ளைகள் விளையாட்டு, வாங்க, காப்பி ஆறுகிறது என்று பண்ணையார் சிரித்தபடி கூப்பிட்டார். சர்வேயர் எழுந்திருக்கவில்லை. குளத்தடியில் விரலை வைத்து அப்பாவை நிமிர்ந்து பார்த்தார்.

"குளத்தடி அஞ்சு மா நெலம் ஒங்க பேர்லல்ல இருக்கு. பையன் பண்ணைங்கிறானே?"

அப்பா ஏதோ சொல்ல வந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு ஏதுங்க நெலம்?"

சலீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரனும் சிரித்தான். நானும் சிரித்தேன்.

பண்ணையார் வக்கீல் வைத்து மற்ற வயல்களைத் தப்பவைத்துக்கொண்டார். குளத்தடி மட்டும் உபரி நிலம் என்று போய், பக்கத்து ஊரில் யாருக்கோ பட்டாவானது. சர்வேயர் வந்துபோன அன்று சாயங்காலம் அப்பா அந்த அறைக்கு வந்து, என் பாலத்துத் தென்னமட்டையை உருவி, அது ஒடிகிற வரை என்னை அடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை அடித்ததில்லை.

பண்ணையாருக்காகத்தான் அடித்தார் என்று வெகுகாலம் ஆத்திரப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சித்திரை முழுக்க, விடிந்ததும் மடை பார்த்துவிட்டு வரலாம் என்று அப்பா என்னைக் குளத்தடிக்குக் கூட்டிப்போவார். வெயில் ஏறும் வரை அந்த வரப்பில் நிற்பார். எனக்கு ரயிலுக்கு நேரமாகும். வாப்பா, வாப்பா என்று துண்டைப் பிடித்து இழுப்பேன். ஆறே மணலாகக் கிடந்த மாதத்தில் மடையில் பார்ப்பதற்கு என்ன இருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை.